சிகரத்தினின்று நெய்யூருக்கு



யூபிலி மலர் என்றால் பங்கின் பாதுகாவலரது வரலாறு, பணிபுரிந்த குருக்களின் பட்டியல், ஆலயம் எழுந்த கதை ஆகியவை இடம்பெறுவது மரபு. அவையெல்லாம் இம்மலரிலும் உண்டு. அவற்றோடு, நமது நெய்யூர் மண்ணில் உழைத்துப் பெயர் பெற்ற ஒரு மருத்துவரின் வாழ்வையும் சேர்க்க விரும்புகிறோம். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். லண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியர். ஒரு காலத்தில் இதுவே அவரைப்பற்றி நம் மலரில் எழுதாதிருக்கப் போதுமான காரணமாக இருந்திருக்கும். பிரிந்துள்ள சகோதரரிடம் விளங்கும் நன்மைகளை மகிழ்ந்து ஏற்க வேண்டுமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏட்டில் நமக்குக் கற்பித்தது. கற்பித்து அறுபது ஆண்டுகள் கடந்தும் நாம் முழுவதும் கற்றோமா என்பது வேறு கேள்வி.

அவர் டாக்டர் தியடோர் ஹாவர்ட் சோமர்வெல். உலகம் அவரை எவரெஸ்ட் வீரர் என்று அறியும். நாமோ அவரை வேறொரு நோக்கில் காண்போம். தன் நாட்டை விட்டு அந்நிய மண்ணுக்குத் தொண்டு செய்ய வந்த ஒருவர் எவ்வாறு அம்மண்ணில் வேரூன்றினார் என்பதே நம் கேள்வி. இன்று நம் வீடுகளிலிருந்து எத்தனையோ பேர் கடல் கடந்து செல்கின்றனர். ஆதலால் இக்கேள்வி பழங்கதை அன்று.

செல்வக் குடும்பத்துப் பிள்ளை

இங்கிலாந்தின் வடபகுதியில், ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த நாட்டில் கெண்டல் என்னும் ஊர் உண்டு. அங்கே 1890ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் சோமர்வெல் பிறந்தார். குடும்பத்துக்குச் சொந்தமான காலணித் தொழிற்சாலை அந்நாட்டில் பெயர் பெற்றது. உணவுக்கும் உடைக்கும் கவலை இல்லாத இல்லம்; கடவுள் பயமும் உள்ள இல்லம். ரக்பி பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்று, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். மலையேற்றம், ஓவியம், இசை ஆகிய மூன்றிலும் தேர்ச்சி பெற்றவர். திபெத்தியர் பாடும் மெட்டுகளைக் காதால் கேட்டு இசைக்குறிப்பாக எழுதி வைத்தார் என்றால் அவரது ஆற்றலை உணரலாம்.

முதல் உலகப் போர் மூண்டபோது இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து பிரான்சு சென்றார். 1916ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சோம் ஆற்றங்கரையில் பெரும்போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையினர் 57,000 பேருக்கு மேல் காயமுற்றோ மடிந்தோ வீழ்ந்தனர். அவர்களுள் இறந்தோர் மட்டும் 19,000க்கு மேல். களத்துக்குப் பின்னிருந்த மருத்துவ முகாமில் சோமர்வெல் பணியில் இருந்தார். கூடாரங்கள் நிரம்பி, வெளியே புல்தரையில் ஏக்கர் கணக்கில் காயமுற்றோர் கிடந்தனர். அறுவை செய்யும் கைகளோ சில. யாரை எடுப்பது, யாரை விடுவது என்று அந்தப் புல்தரையில் நடந்தபடி தீர்மானிக்க வேண்டியிருந்தது. தம்மை முதலில் கவனியுங்கள் என்று அவர்களில் எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை என்பதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். காத்துக் கிடக்கும் நோயாளிகளின் மௌனம் அவர் நெஞ்சில் அன்றே பதிந்தது. போரையே வெறுத்தவராக அவர் தாயகம் திரும்பினார்.

ஏழு சுமைக்காரர்கள்

1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை எட்டப் புறப்பட்ட பிரிட்டிஷ் குழுவில் சோமர்வெல் இடம்பெற்றார். மே மாதத்தில் மல்லோரி, நார்ட்டன் ஆகியோருடன், செயற்கைப் பிராணவாயு இன்றி, ஏறத்தாழ 26,985 அடி உயரத்தை எட்டினார். அதுவரை மனிதர் எவரும் கால் வைக்காத உயரம் அது.

ஆயினும் அப்பயணம் துயரத்தில் முடிந்தது. ஜூன் 7ஆம் நாள் மல்லோரி, சோமர்வெல், கிராஃபோர்டு மூவரும் பதினான்கு சுமைக்காரர்களோடு பனிச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தனர். திடீரெனப் பனி சரிந்தது. சுமைக்காரர் எழுவர் மாண்டனர். வெள்ளையர் அனைவரும் உயிர் தப்பினர். இந்தக் கணக்கு சோமர்வெல்லை வாட்டியது. தம்மவரில் ஒருவராவது அந்த ஏழைகளோடு மடிந்திருந்தால், அவர்களை ஆபத்தில் தள்ளிவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்கவில்லை என்பதாவது விளங்கியிருக்கும் என அவர் மனம் ஏங்கியது. பின்னர் தம் நூலிலும் அதை மறைக்காமல் எழுதினார்.

இங்கே சிறிது நின்று சிந்திப்போம். அந்நிய நாட்டுக்கு வரும் வலியவன் தன் நோக்கத்துக்காக உள்ளூர் எளியவனின் உயிரைச் செலவழிக்க முடியும். ஆட்சியும் வணிகமும் அவ்வாறே நடந்த காலம் அது. அந்த உண்மையைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளாதவரே இந்த மனிதர்.

வரிசையும் ஒரு மருத்துவரும்

மலையினின்று இறங்கியவர், உடனே கப்பலேறாமல், இந்தியாவை வடக்கிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை சுற்றிப் பார்த்தார். அவ்வழியில் நெய்யூர் வந்து சேர்ந்தார்.

அன்று நெய்யூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1828 முதல் மீட் ஐயர் இவ்வூரை லண்டன் மிஷனின் தலைமை இடங்களுள் ஒன்றாக ஆக்கியிருந்தார். 1838இல் டாக்டர் ராம்சே இங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். அடுத்து வந்த டாக்டர் லீட்ச் 1854இல் முட்டம் கடலில் மூழ்கி இறந்தார். 1860களில் டாக்டர் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் பயிற்றும் வகுப்பை ஏற்படுத்தினார். இவ்வாறு சோமர்வெல் வருவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே வேரூன்றி, தெற்குத் திருவிதாங்கூர் மருத்துவ மிஷன் என்ற பெயரில் பல கிளைகளோடு பரவிய பணி இது.

1922இல் சோமர்வெல் கண்ட காட்சி என்ன? வெளியே முடிவில்லாத நோயாளர் வரிசை. உள்ளே அறுவை செய்யத் தகுதி பெற்ற மருத்துவர் ஒரே ஒருவர், டாக்டர் பியூ. சோம் புல்தரை மீண்டும் அவர் கண்முன் விரிந்திருக்க வேண்டும். வேறுபாடு ஒன்றே. அங்கே போர் நின்றதும் வரிசை நின்றுவிட்டது. இங்கே நாள்தோறும் வரிசை. ஊர் பார்க்க வந்தவர் உடனே உதவிக்குக் கை நீட்டினார். விருந்தாளி அறுவை மேசையருகே நின்றார்.

அந்நாள்களிலேயே அவர் வாழ்வின் போக்கு திரும்பிற்று. லண்டனில் அறுவை மருத்துவராகப் பெயரும் பொருளும் ஈட்ட வழி திறந்திருந்தது. 1920இலேயே உயர்ந்த அறுவை மருத்துவப் பட்டமும் பெற்றிருந்தார். அதை விட்டு, பிழைப்புக்குப் போதிய படி மட்டும் தரும் மிஷன் பணியைத் தேர்ந்தார். நல்ல சமாரியன் உவமையை நாம் ஞாயிறு மறையுரையில் பலமுறை கேட்டிருக்கிறோம். வழிப்போக்கன் காயமுற்றவனைக் கண்டு நின்றான் என்பது அவ்வுவமையின் முதற்பாதி. சத்திரக்காரனிடம் திரும்பி வருவதாகச் சொன்னது மறுபாதி. இரக்கப்பட்டு நிற்போர் பலர்; திரும்பி வருவோர் சிலரே.

மலை இன்னொரு முறை அழைத்தது

1924இல் எவரெஸ்ட் மீண்டும் அழைத்தது. சோமர்வெல் சென்றார். அங்கே வடகணவாய் முகாமில் சுமைக்காரர் நால்வர் பனியில் சிக்கிக்கொண்டனர். சிகரம் ஏறும் வலிமையைச் சேமிக்க வேண்டிய நேரத்தில், நார்ட்டன், மல்லோரி, சோமர்வெல் மூவரும் அந்நால்வரை மீட்க ஏறினர். கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆபத்தான சரிவின் குறுக்கே முன் சென்றவர் சோமர்வெல். கயிறு எட்டாத கடைசித் தொலைவில் இருவர் சறுக்கியபோது, பனிக்கோடரியைச் சரிவில் ஊன்றிக் கயிற்றை அதிலிட்டு, கை எட்டிய மட்டும் நீண்டு அவர்களைப் பற்றி இழுத்தார். நால்வரும் பிழைத்தனர். 1922இல் இழந்த எழுவரை எவரும் மீட்டுத் தர முடியாது. ஆனால் அவர்களை அவர் மறக்கவில்லை என்பதற்கு இது சான்று.

ஜூன் 4ஆம் நாள் நார்ட்டனுடன் உச்சியை நோக்கி ஏறினார். ஏறத்தாழ 28,000 அடியில் தொண்டை வலியாலும் இருமலாலும் நடக்க இயலாமல் அமர்ந்துவிட்டார். நார்ட்டன் தனியே 28,126 அடிவரை சென்று திரும்பினார். இறங்கும் வழியில் சோமர்வெல்லுக்குத் தொண்டை முற்றும் அடைபட்டது; மூச்சே நின்றது. பனியில் அமர்ந்து சாவை எதிர்நோக்கியவர், கடைசியாக இரு கைகளாலும் மார்பை ஓங்கி அமுக்க, பனிக்கடியால் கெட்டுப் பிரிந்த தொண்டையின் உட்தோல் வெளிவந்து மூச்சு திரும்பியது. நான்கு நாள் கழித்து ஏறிச்சென்ற மல்லோரியும் இர்வினும் திரும்பவே இல்லை. மல்லோரியிடம் இருந்தது சோமர்வெல் இரவல் கொடுத்த புகைப்படக் கருவி. மல்லோரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டது.

1922ஆம் ஆண்டுப் பயணத்துக்காகக் குழுவினருக்கு ஒலிம்பிக் பதக்கமும் கிடைத்தது. இத்தனை புகழோடு அவர் எங்குச் செல்லவில்லை? வாக்களித்த இடமான நெய்யூருக்கு வந்தார்.

வேரூன்றுதல்

வெளிநாட்டுத் தொண்டுக்கு வருபவனின் முதல் எதிரி வெயிலும் காய்ச்சலும் அல்ல. நான் இவர்களுக்குக் கொடுக்க வந்தவன் என்ற எண்ணமே. அதைக் கரைக்க நெய்யூரில் மூன்று ஆசான்கள் இருந்தனர்.

முதலாவது மொழி. புதிதாக வந்த மிஷனரி முன்ஷியிடம் அமர்ந்து தமிழ் படிப்பது அக்கால வழக்கம். கேம்பிரிட்ஜில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவரும் இங்கே ழகரத்தோடு மல்லாடும் குழந்தைதான். அறுவை மருத்துவருக்கு மொழி எதற்கு என்று எண்ணலாம். இப்பகுதியில் அன்று மிகுந்திருந்த நோய் குடற்புண். வலி சாப்பிட்டதும் வருகிறதா, வயிறு காய்ந்தால் வருகிறதா, நள்ளிரவில் எழுப்புகிறதா என்று கேட்டறிவதே அந்நோயைக் கண்டுபிடிக்கும் முதல் வழி. கேட்கத் தெரியாத மருத்துவர் கத்தியை எங்கே வைப்பது?

இரண்டாவது ஆசான் உடன் பணிபுரிந்தோர். லோ காலம் முதல் பயிற்சி பெற்றுவந்த உள்ளூர் மருத்துவ உதவியாளர், கம்பவுண்டர், நர்சுகள் ஆகியோரே ஆஸ்பத்திரியின் முதுகெலும்பு. வெள்ளைக்கார மருத்துவர்கள் வந்தனர், நோயுற்றனர், திரும்பினர், சிலர் இம்மண்ணிலேயே மாண்டனர். ஊரார் நிலைத்து நின்றனர். அவர்கள் பெயர்கள் பல நூல்களில் இல்லை. நம் பகுதிக் குடும்பங்களின் நினைவில் உண்டு. சோமர்வெல்லைப் புகழும்போது இவர்களை மறப்பது நன்றியன்று.

மூன்றாவது ஆசான் நோயாளியின் வாழ்க்கை. மரச்சீனிக் கிழங்கு இந்நாட்டு ஏழையின் அன்றாட உணவு. விசாகம் திருநாள் மகாராஜா (1880–1885) காலத்தில் பஞ்சம் தாங்கும் பயிராக ஊக்குவிக்கப்பட்டது. வயல்வேலைக்காரரும் பனையேறிகளும் கிழங்கும் காரக் குழம்புமாகப் பசி ஆற்றினர். குடற்புண் இங்கே ஏன் இத்தனை மிகுதி என்று சோமர்வெல்லும் டாக்டர் ஆர் என்பவரும் ஆராய்ந்து, 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ ஏட்டில் கட்டுரை வெளியிட்டனர். அன்றைய மருத்துவர்கள் உணவைப் பெரிதும் ஐயுற்றனர். ஒரு கிருமிக்கு இதில் பெரும்பங்கு உண்டென்பது 1982இல்தான் ஆஸ்திரேலிய மருத்துவர் இருவரால் கண்டறியப்பட்டது. இன்று மாத்திரையால் தீரும் நோய்க்கு அன்று வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. நாம் காண வேண்டியது இதுவே: நோயாளியின் வயிற்றை மட்டும் பாராமல் அவன் சட்டியையும் பார்த்த மருத்துவர் அவர். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்றுநோயும் இங்கே மிகுதி. அம்மருத்துவத்திலும் நெய்யூர் பிற்காலத்தில் பெயர் பெற்றது.

அது எத்தகைய திருவிதாங்கூர்? கோயிலைச் சுற்றிய பொதுவீதியில் நடக்கும் உரிமைக்காக 1924–25இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்த திருவிதாங்கூர். ஆலயப் பிரவேச அறிவிப்பு 1936 நவம்பரில்தான் வந்தது. அத்தகைய நாட்டில் எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் படுத்தெழுந்த ஒரு மேசை உண்டென்றால் அது அறுவை மேசை. சொல்லாமல் சொன்ன மறையுரை அது.

கால் நூற்றாண்டு

1925இல் மார்கரெட் அம்மையாரை மணந்தார். ஆண்மக்கள் மூவர் பிறந்தனர். உடன் மலையேறிய தோழர்கள் அடுத்தடுத்த பயணங்களில் பெயர் ஈட்டிய ஆண்டுகளில், சோமர்வெல் தெற்குத் திருவிதாங்கூரில் கத்தியும் நூலுமாக உழைத்தார். ஓய்வில் ஓவியம் தீட்டினார். 1936இல் எவரெஸ்டுக்குப் பின் வந்த தம் வாழ்வையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பிலேயே எவரெஸ்ட் முடிவாக அன்றி, தொடக்கமாக அமைந்தது. அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது.

1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, 1961வரை அறுவை மருத்துவம் கற்பித்தார். இதுவும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தொண்டின் நிறைவு, தான் இல்லாமலே பணி நடக்கும் நிலையை உண்டாக்குவது. ஒரு கை செய்யும் அறுவைகளுக்கு எல்லை உண்டு. கற்பிக்கப்பட்ட கைகளுக்கு எல்லை இல்லை. பின்னர் தாயகம் திரும்பி, ஆல்பைன் மலையேற்ற மன்றத்தின் தலைவராக விளங்கி, 1975ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் ஆம்பிள்சைட் என்னும் ஊரில் இறைவனடி சேர்ந்தார்.

நமக்கு என்ன?

கோட்டாற்றில் பேராலயம் கொண்டுள்ள புனித சவேரியாரை எண்ணிப் பார்ப்போம். 1542இல் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. ஊர் மக்களை அமர்த்தி மன்றாட்டுகளைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, சிறுவர்களிடம் ஒப்புவித்தார். மாபெரும் போதகர் முதலில் மாணவரானார். சோமர்வெல் வேறு சபை, வேறு காலம், பாதை ஒன்றே.

நாமும் சில ஆண்டுகள் கடல் கடந்த ஒரு பங்கில் பணிபுரிந்தோம். முதல் ஆறு மாதம் நம் மறையுரை ஒருவருக்கும் விளங்கவில்லை. பெரிய ஊழியம் ஆற்ற வந்தோம் என்ற நினைவோடு சென்ற நமக்கு, கடைக்குச் சென்று உப்பு வாங்கவே ஒரு மூதாட்டியின் துணை வேண்டியிருந்தது. அந்த அவமானமே பின்னர் நம்மை அம்மக்களோடு இணைத்தது. உதவி பெறத் தெரிந்தபின்னரே உதவி செய்யும் தகுதி வந்தது.

நம் பங்கின் பிள்ளைகள் நர்சுகளாகவும் தொழிலாளராகவும் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்கின்றனர். கன்னியர் பலர் ஆப்பிரிக்க மண்ணில் உழைக்கின்றனர். பெற்றோரே, அவர்கள் முதல் மாதங்களில் அழுதுகொண்டு பேசினால் உடனே திரும்பி வரச் சொல்லாதீர்கள்; அனுப்பிய பணத்தை மட்டும் விசாரித்தும் நிறுத்தாதீர்கள். அங்கே யாரிடம் மொழி கற்கிறாய், யார் வீட்டில் உண்டாய் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வட மாநிலங்களிலிருந்து நம்மூருக்கு வந்து கட்டட வேலையும் ஓட்டல் வேலையும் செய்யும் இளைஞரை நாள்தோறும் காண்கிறோம். நாம் பெயர் கேட்டதுண்டா? நூறாண்டுக்கு முன் ழகரம் வராத ஓர் அந்நியரை நெய்யூர் பொறுத்துக்கொண்டது, சொல் கொடுத்தது, தன் நோவைச் சொல்லி நம்பியது. அந்தப் பொறுமை இல்லாதிருந்தால் சோமர்வெல் இங்கே வேரூன்றியிருக்க மாட்டார். வேரூன்றுதல் வருபவனின் வேலை மட்டுமன்று; மண்ணின் வேலையுமாம்.

இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கு அத்தகைய மண்ணாக விளங்குவதாக. சென்றோரையும் வந்தோரையும் இறைவன் காப்பாராக. சபை வேற்றுமை பாராது நோயாளிக்குத் தொண்டு புரிந்த அந்த நல்ல ஊழியரும், அவரோடு உழைத்த பெயர் தெரியாத நம் ஊராரும் நிலையான இளைப்பாற்றி அடைவார்களாக. ஆமென்.